சஸ்பென்ஸ்னா மறைக்கிறது இல்ல, சொல்றது

இன்னைக்கு எபிசோடுல மர்மக் கதை எழுதுறதைப் பத்திப் பேசலாம்.

என்னோட முதல் க்ரைம் கதை, கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு நைட் ஷிஃப்ட்ல நடக்கும். கொலையாளி யாருன்னு கடைசி வரியிலதான் சொல்லியிருந்தேன். அங்கேயே பல வருஷமா ஃபிட்டரா இருக்கிற அப்பாகிட்ட படிக்கக் கொடுத்தேன். ராஜேஷ்குமார் நாவல்களை ரயில்லயே படிச்சு முடிக்கிற ஆளு அவர். படிச்சுட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இவன் இவ்வளவு நேரம் எங்கடா இருந்தான்?"

அப்பதான் உறைச்சது. எல்லாத்தையும் மறைச்சா வர்றது வெறும் அதிர்ச்சிதான். ஹிட்ச்காக் இதுக்கு ஒரு உதாரணம் சொல்வார். மேஜைக்கு அடியில இருக்கிற குண்டு திடீர்னு வெடிச்சா, சில நொடி திடுக்கிடுவோம். குண்டு இருக்கிறது நமக்கு முன்னாடியே தெரிஞ்சு, அங்க உக்காந்து பேசுறவங்களுக்குத் தெரியலன்னா? அவங்க சாதாரணமா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் நம்மைப் பதற வைக்கும். அதுதான் சஸ்பென்ஸ்.

1,500 நாவல்களுக்கு மேல எழுதின ராஜேஷ்குமார்கிட்ட இதைப் பார்க்கலாம். அவரோட பல நாவல்கள்ல ரெண்டு கதை மாறி மாறி ஓடி, கடைசியில ஒண்ணா சேரும். இந்தப் பக்கம் வர்ற ஆபத்து நமக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, நமக்குத் தெரிஞ்ச வேலையையே கதைக்குள்ள கொண்டு வர்றது. சுஜாதா நம்மளை மாதிரி இன்ஜினியர்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். வக்கீல் கணேஷ் அறிமுகமான 'நைலான் கயிறு' 1968ல குமுதத்துல வந்தது.

நான் கதையைத் திருப்பி எழுத உக்காந்தப்போ, அப்பா ஒரு விஷயம் சொன்னார். மிக்ஸர் மாதிரி மெஷினுக்குள்ள இறங்கி வேலை செய்யணும்னா, முதல்ல மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணிப் பூட்டுவாங்க. சாவி உள்ள இறங்குறவர் பாக்கெட்டுலதான் இருக்கும். வேற யாரும் திறக்கக் கூடாது.

எனக்கு அதுலயே கதை கிடைச்சுது. ஒரு அத்தியாயத்துல ஃபிட்டர் மிக்ஸருக்குள்ள, சாவி அவர் பாக்கெட்டுல. அடுத்த அத்தியாயத்துல ஸ்விட்ச்போர்டை நோக்கி ஒருத்தன் நடக்குறான். அவன் கையில இன்னொரு சாவி.

நீங்களும் எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல நடுவுல கோடு போடுங்க. ஒரு பக்கம் வாசகருக்குத் தெரிஞ்சது, இன்னொரு பக்கம் கதாபாத்திரத்துக்குத் தெரிஞ்சது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா, அந்த சீன்ல சஸ்பென்ஸ் இல்ல.

பாதிக் கதையை அப்பாகிட்ட கொடுத்திருக்கேன். ரெண்டு நாளா ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் அவர் கேக்குற முதல் கேள்வி: "அந்த ரெண்டாவது சாவி அவனுக்கு எப்படிடா கிடைச்சுது?"

நான் இன்னும் சொல்லல.