உறுதி கையில் இருந்தால் போதுமா?

கற்பிட்டிக் கடலில் தங்கம் பிடிபட்டதாகப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். அது படகில் கடத்தப்பட்ட தங்கம். எமது மண்ணில் கிடைத்ததல்ல. ஆனாலும், "காணியில் தங்கத்துகள் இருக்கிறது, முதல் போடுங்கள், பங்கு தருகிறோம்" என்று ஒருவர் கடை வாசலுக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்?

1344 இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, அக்காலத்தில் இலங்கையில் இரத்தினக்கல் தோண்டிய முறையை எழுதி வைத்துள்ளார். நிலத்தை வாங்கியவர் தோண்டலாம். கிடைத்த கல் நூறு பணம் பெறுமதியை எட்டினால் அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். குறைந்தது கண்டெடுத்தவருக்கே.

இன்று நிலைமை வேறு. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி, காணி யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிப்பொருள் அரசுக்கே உரியது. அதனைத் தேடவும், அகழவும், ஏற்றிச் செல்லவும், விற்கவும், ஏற்றுமதி செய்யவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரத்தினக்கல்லுக்கு மட்டும் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் போக வேண்டும்.

அடுத்தது, மண்ணின் தன்மை. தங்கம் பெரும்பாலும் மிகப் பழைய கடும்பாறைகளிலும், அவற்றைக் கழுவிவரும் ஆற்றுப் படிவுகளிலும் காணப்படும். எமது கரையோரத்தில் இருப்பதோ சுண்ணக்கல்லும் மணலும். அருவாக்காலு சுண்ணக்கல் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. நாத்தாண்டிய, மாரவில பகுதிகளின் சிலிக்கா மணல் கண்ணாடித் தொழிலுக்கு உதவுகிறது. களப்போரத்தில் உப்பளங்கள். மழையால் விளைச்சல் குறைந்து 2025 இல் நாடே உப்பு இறக்குமதி செய்தபோது அதன் பெறுமதி எல்லோருக்கும் விளங்கியது.

மின்னுவதெல்லாம் தங்கமல்ல என்பது இங்கே நேரடி உண்மை. மைக்காவும் பைரைட்டும் மஞ்சளாக மின்னும். சுத்தியலால் தட்டினால் தங்கம் தட்டையாகும், பைரைட் நொறுங்கும். தரகர் பொட்டலத்தில் கொண்டுவரும் மாதிரியை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முறைப்படி ஆய்வு அனுமதி பெற்று, நீங்களே பக்கத்தில் நின்று பல இடங்களில் எடுத்த மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள்.

தங்கமோ மணலோ, கனிப்பொருள் தொழிலில் கூட்டுச் சேர முன்னர் கேட்க வேண்டியவை சில. அனுமதிப்பத்திரம் யார் பெயரில் உள்ளது? எந்தக் காணிக்கு, எந்தத் திகதி வரை? அது தேடுவதற்கா, அகழ்வதற்கா? இரண்டும் வெவ்வேறு. கையால் தோண்டும் சிறு அகழ்வுக்கும் பெக்கோ இயந்திரம் இறக்கும் தொழிலுக்கும் அனுமதி வகைகள் வேறு. உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். லொறியில் ஏற்றும்போது போக்குவரத்து அனுமதி கைவசம் இல்லாவிட்டால் சரக்கும் வாகனமும் சிக்கிக்கொள்ளும். தோண்டிய குழியை மூடிச் சீர்செய்யும் செலவையும் ஆரம்பக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். திறந்து கிடக்கும் குழி பக்கத்துத் தென்னந்தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் கேடு.

இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரை முற்பணம் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். அவசரப்படுத்துபவருக்கு "கடதாசியுடன் வாருங்கள்" என்று சொல்லுங்கள். உண்மையான தொழில்காரர் திரும்பி வருவார்.