இதைப் படித்ததுண்டா?



நூல்களில் பற்றுடைய இருவர் சந்தித்தால் நலம் விசாரித்து முடிந்ததும் அவர்கள் பேச்சு நூல்களை நோக்கியே திரும்பும். "இன்ன நூலைப் படித்ததுண்டா?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்பார். கேட்பதற்கு இது மிக எளிய கேள்வி. ஆயினும் இதற்கு விடை கூறுவதில் ஒரு பெரிய சோதனை அடங்கியிருக்கிறது. அந்தச் சோதனையில் ஒருமுறை நான் தோற்றேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் ஒரு நண்பர் இருந்தார். என்னைவிட ஓராண்டு மூத்தவர். இரவு உணவுக்குப் பின் இருவரும் படித்த நூல்களைப் பற்றி உரையாடுவோம். ஒருநாள் அவர் ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, நான் அதைப் படித்ததுண்டா என்று வினவினார். நான் படித்ததில்லை. வார இதழ் ஒன்றில் வந்த அதன் மதிப்புரையை மட்டுமே பார்த்திருந்தேன். ஆனால் 'இல்லை' என்று சொல்ல நா எழவில்லை. "படித்திருக்கிறேன், மிக உயர்ந்த நூல், நீங்கள் கட்டாயம் வாங்கவேண்டும்" என்று கூறிவிட்டேன்.

அவர் செல்வர் அல்லர். விடுமுறைக்கு ஊர் செல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அந்த நாவலை வாங்கினார். பத்து நாட்கள் கழித்து என்னிடம் வந்தார். "கதையின் முடிவில் அந்தத் தாய் செய்தது சரிதானா? உங்கள் கருத்து என்ன?" என்று ஆவலோடு கேட்டார். நான் விழித்தேன். அவர் உணர்ந்துகொண்டார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அதன் பின் கல்லூரியில் ஒன்றாக இருந்த காலம் முழுவதும் அவர் என்னிடம் நூல்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஒரு பொய்யினால் நான் ஒரு வாசகத் தோழரை இழந்தேன்.

இதே கேள்வியை வேறொருவர் எதிர்கொண்ட விதத்தைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் என் பிழையின் அளவு எனக்கு முழுவதும் விளங்கியது. அவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1880ஆம் ஆண்டு. ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று தேர்ந்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். அவ்வூருக்கு முன்சீபாக மாற்றம் பெற்று வந்திருந்தார் சேலம் இராமசாமி முதலியார். அவரைக் காண ஐயர் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா என்று ஐயர் தாம் கற்றவற்றை அடுக்கினார். எத்தனை சொல்லியும் முதலியார் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. இவற்றால் என்ன பயன் என்பது போல் இருந்தார். பிறகு அவர் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லி, இவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார்.

இளம் ஆசிரியர், புலமையில் பெருமிதம் உடையவர், எதிரே இருப்பவரோ உயர்ந்த பதவியினர். 'ஆம்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேறு ஒருவர் முயன்றிருக்கக் கூடும். ஐயர் அவ்வாறு செய்யவில்லை. படித்ததில்லை என்றும், நூல்கள் கிடைத்திருந்தால் படித்திருப்பேன் என்றும் உள்ளதை உள்ளபடி கூறினார். அந்த ஒரு விடை எத்தனை கதவுகளைத் திறந்தது என்று எண்ணிப் பாருங்கள். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினர்.

படிக்கத் தொடங்கியதும் புதிய இடர் ஒன்று தோன்றியது. சிந்தாமணி சமண காவியம். அதிலுள்ள சமயக் கருத்துக்களும் மரபுச் சொற்களும் சைவ மடத்தின் சூழலில் வளர்ந்த ஐயருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்தில் சமணர் சிலர் வாழ்ந்தனர். ஐயர் அவர்களை நாடிச் சென்றார். தமக்கு அரிய நூலாகவும் புதிய நூலாகவும் தோன்றிய சிந்தாமணி, அவர்கள் இல்லத்தில் வழிவழியாகப் படிக்கப்பட்டு வந்த நூல் என்பதைக் கண்டார். தெரியாதவற்றை ஒவ்வொன்றாக அவர்களிடம் கேட்டார். அவர்களும் அன்போடு சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர், தம் ஊரில் வாழும் வாசகர்களிடம் மாணவராக அமர்ந்தார்!

1887இல் சிந்தாமணி ஐயரின் பதிப்பாக வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வந்தன. இவற்றுக்குப் பின்னே அளவற்ற உழைப்பு இருந்தது. ஏடு தேடி அலைந்த அலைச்சல் இருந்தது. ஆனால் தொடக்கத்தில் இருந்தது ஒரு வாசகர் மற்றொரு வாசகரிடம் கேட்ட கேள்வியும், அதற்குக் கிடைத்த நேர்மையான விடையுமே அல்லவா?

இதிலிருந்து நாம் அறிவது என்ன? 'இல்லை' என்ற சொல் அறியாமையைக் காட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. கற்பிக்க விரும்புகிறவருக்கு அது ஓர் அழைப்பாகவும் அமைகிறது. 'படித்துவிட்டேன்' என்று பொய் சொல்கிறவனுக்கு யாரும் நூலை எடுத்துத் தரமாட்டார்கள். நம்மைப் போன்றவரிடம் மட்டும் பேசினால் நம் அலமாரியில் உள்ள நூல்களையே திரும்பத் திரும்பக் காண்போம் என்பதும் இதில் விளங்குகிறது. முன்சீபும் சமண அன்பர்களும் ஐயரினும் வேறுபட்ட வாழ்க்கை உடையவர்கள். ஆகவேதான் அவரிடம் இல்லாததை அவர்களால் கொடுக்க முடிந்தது.

கருத்தைக் கேட்பவருக்கு நேர்மை வேண்டுமாயின், சொல்பவருக்கு அது இரு மடங்கு வேண்டும். 'நல்ல நூல்' என்று மட்டும் சொல்வது நண்பருக்குப் பயன்படாது. எந்தப் பகுதி உங்களை நிறுத்தி எண்ண வைத்தது, எந்தப் பகுதி சலிப்பூட்டியது என்று சொல்லுங்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் பாதி என்றே சொல்லுங்கள். நண்பர் எத்தகைய நூல்களை விரும்புகிறவர் என்று எண்ணிப் பார்த்துப் பரிந்துரை செய்யுங்கள். கதையின் முடிவை மட்டும் அவரே கண்டு மகிழ விட்டுவிடுங்கள். அவர் படித்து முடித்து உங்கள் கருத்தை மறுத்தால் வருந்தாதீர்கள். நீங்கள் காணாத ஒன்றை அவர் கண்டிருக்கிறார் என்று கொண்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் திறந்து பாருங்கள்.

இக்காலத்தில் கைப்பேசியின் வழியே கடல் கடந்த ஊரில் உள்ள வாசகரோடும் நொடிப் பொழுதில் கருத்துப் பரிமாறலாம். ஒரு நூலைப் பற்றி நூறு பேர் கூறுவதை நூலைத் தொடாமலே அறியலாம். ஆகவே படிக்காமல் படித்தவர்போல் பேசுவது முன்னினும் எளிதாகிவிட்டது. எளிதாகிவிட்டதனாலேயே விழிப்பும் மிகுதியாக வேண்டும்.

என் நண்பர் வாங்கிய அந்த நாவலைப் பல ஆண்டுகளுக்குப் பின் நானும் வாங்கி முழுவதும் படித்தேன். அந்தத் தாய் செய்தது சரியே என்பது என் கருத்து. அதற்குக் காரணங்களும் சொல்வேன். ஆனால் கேட்டவர் இன்று எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

நண்பர்களே, நாளை உங்களிடம் ஒருவர், "இதைப் படித்ததுண்டா?" என்று கேட்கக் கூடும். படித்திராவிட்டால், "இல்லை" என்று தயங்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "அது எப்படிப்பட்ட நூல்?" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்குவார்.