கெட்டிப்படுதல்

அரசாங்கத் தாள்களை ஆங்கிலத்தினின்றும் தமிழுக்குக் கொண்டுவரும் பணியில் இருப்போர்க்குக் கடினமான சொற்கள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. அகராதியைப் புரட்டினால் அவற்றிற்கு ஏதேனும் ஒரு வழி பிறந்துவிடும். தொல்லை தருவன, எல்லாத் துறையினரும் எடுத்துப் புழங்கித் தேய்ந்துபோன எளிய சொற்களே. அத்தகைய சொல் ஒன்று வாயிலில் வந்து நிற்கும்போது, எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறது என்று விசாரித்த பின்னரே அதனை உள்ளே அழைக்க வேண்டியிருக்கிறது. ‘கன்சாலிடேஷன்’ என்பது அவற்றுள் ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர், திருவனந்தபுரத்தில் நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஒரே வாரத்தில் இரண்டு தாள்கள் நம் மேசைக்கு வந்தன. ஒன்று வங்கிகளின் இணைப்பைப் பற்றியது. மற்றொன்று நிமோனியா சுரத்தைப் பற்றிய துண்டறிக்கை. இரண்டிலும் அதே சொல். முதல் தாளில் ‘ஒருங்கிணைப்பு’ என்று எழுதிய கை, பழக்கத்தால் இரண்டாவதிலும் அதனையே எழுதிவிட்டது. அச்சுக்குச் செல்லுமுன் படித்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், “இரண்டு நுரையீரலையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டீர்களே, இது எந்த வைத்தியம்?” என்று கேட்டார். நாமும் சிரித்தோம். ஆயினும் அத்துண்டறிக்கை தாய்மாரின் கைக்குச் செல்ல வேண்டியது. மூச்சுத் திணறும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி அதனைப் படிப்பாளாயின், ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல் அவளுக்கு ஏதோ நல்லது நடந்திருப்பதாகவன்றோ தோன்றச் செய்திருக்கும்! அந்த எண்ணம் சிரிப்பை நிறுத்திவிட்டது. அன்று தொட்டு இச்சொல்லைக் காணும் இடமெல்லாம் குறித்துவைக்கலானோம்.

நுரையீரல் என்பது காற்று நிறைந்த நுண்ணறைகளின் தொகுதி. நிமோனியா கண்டபோது அவ்வறைகளில் காற்றின் இடத்தை நீரும் சீழும் பிடித்துக்கொள்கின்றன. பஞ்சு போன்ற உறுப்பு, கல்லீரல் போலத் திண்ணென்று ஆகிவிடுகிறது. மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்நிலையை அறியும் முறையை வியன்னாவில் ஆவன்புருக்கர் என்னும் மருத்துவர் 1761-இல் நூலாக வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். பீப்பாயைத் தட்டி மதுவின் அளவை அறியும் வழக்கமே அவருக்கு இதனைக் கற்பித்தது என்பார்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இதில் வியப்பில்லை. காற்றுள்ள இடம் முழங்கும். கெட்டிப்பட்ட இடம் மொத்தென்று ஒலிக்கும். நோய் தீர்ந்தால் அக்கெட்டி கரைந்து காற்று மீளும். ஆகவே ‘நுரையீரல் கெட்டிப்படுதல்’ என்று திருத்தி அனுப்பினோம்.

இச்சொல்லின் பிறந்தகம் இலத்தீன். அம்மொழியில் ‘சோலிதுஸ்’ என்றால் திண்மையானது. வேரைப் பார்த்தால் கெட்டியாக்குதல் என்பதே பொருள். சேர்த்தல் என்பது அதனின்றும் கிளைத்தது. நம் அலுவலக வழக்கிலோ கிளையே மரமாகிவிட்டது.

மண்ணியல் பொறியாளர் இச்சொல்லை ஆள்வதில்தான் அதன் உட்பொருள் நன்கு விளங்குகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. களிமண் என்பது மிக நுண்ணிய துகள்களும் அவற்றின் இடைவெளிகளில் அடைபட்ட நீரும் கலந்தது. அதன்மேல் ஒரு கட்டிடத்தையோ சாலைக் கரையையோ ஏற்றினால், அச்சுமையை முதலில் தாங்குவது மண் அன்று, நீர். அழுத்தம் தாங்காத நீர் சிறிது சிறிதாக வெளியேற முயல்கிறது. மணலாயின் உடனே வழி கிடைக்கும். களிமண்ணில் வழி மிகக் குறுகியது. நீர் வெளியேற ஆண்டுகள் ஆகும். நீர் நீங்க நீங்கத் துகள்கள் நெருங்கிச் சுமை அவற்றின்மேல் மாறுகிறது. அந்த அளவுக்குத் தரை தாழ்கிறது. நீர் பிரிந்து, காலம் கடந்து, சுமை கைமாறும் இந்நிகழ்ச்சிக்கே பொறியாளர் ‘கன்சாலிடேஷன்’ என்று பெயரிட்டுள்ளனர். ரோலரை உருட்டி மண்ணை இறுக்குவது வேறு. அதில் வெளியேறுவது காற்று, வேலையும் அன்றே முடிந்துவிடும். சிமெண்டு இறுகுவதும் வேறு.

இதற்குக் கணக்கு வகுத்தவர் கார்ல் டெர்சாகி. 1883-இல் பிராகு நகரில் பிறந்த இவர், இஸ்தான்புல் நகரில் ஆசிரியராக இருந்தபோது, களிமண் வில்லையை வளையத்துள் வைத்து, மேலும் கீழும் நீர் கசியும் கற்களைப் பொருத்திச் சுமையேற்றி, அது தாழ்வதைப் பொறுமையுடன் அளந்தார். அவர்தம் சமன்பாடு 1923-இல் வெளிவந்தது. 1925-இல் வந்த அவரது நூலிலிருந்தே மண் இயந்திரவியல் என்னும் துறை தோன்றியதாகக் கொள்வர். அக்கணக்கின் ஒரு முடிவு குறிப்பிடத்தக்கது. நீர் கடக்க வேண்டிய தூரம் இரு மடங்கானால், காலம் நான்கு மடங்காகும். இதனால்தான் இக்காலத்தில் களிமண் தரையில் செங்குத்தான வடிகால் பட்டைகளை நெருக்கமாகச் செருகி, நீரின் பாதையைச் சுருக்குகிறார்கள்.

திருவனந்தபுரத்தின் மேடுகள் செம்புரைக் கல்லால் ஆனவை. இங்கு இக்கவலை குறைவு. வடக்கே குட்டநாட்டிற்குச் சென்றால் கடல்மட்டத்தினும் தாழ்ந்த வயல்களும் அவற்றைக் காக்கும் சேற்றுக் கரைகளும் உள்ளன. கரைக்கு இவ்வாண்டு இடும் சேறு, தன் பளுவாலேயே கீழுள்ள களியை அழுத்தித் தாழும். அடுத்த ஆண்டு மீண்டும் இட வேண்டும். அங்குள்ள உழவர்க்கு டெர்சாகியின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

களிமண்ணைப் பற்றி இன்னொரு செய்தி. ஒரு களிமண் தன் வாழ்நாளில் தாங்கிய மிகப் பெரிய சுமையை மறப்பதில்லை. அச்சுமை நீங்கி நெடுங்காலம் ஆயினும், சோதனைச்சாலையில் மெல்லச் சுமையேற்றினால், பழைய அளவு வரும்வரை அது சிறிதே தாழும். அவ்வளவைக் கடந்தவுடன் விரைந்து தாழத் தொடங்கும். பனியாறு உருகி மறைந்த நாடுகளில், அப்பனியின் பளுவை இவ்வாறே கணித்தறிகிறார்கள்.

மண்ணின் நினைவிலிருந்து மனிதனின் நினைவுக்கு வருவோம். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து உளவியலறிஞர்களான முல்லரும் பில்செக்கரும், 1900-இல், பொருளற்ற அசைகளைப் பலருக்கு மனப்பாடம் செய்வித்துச் சோதித்தனர். ஒரு வரிசையைக் கற்ற உடனேயே மற்றொன்றைக் கற்பித்தால் முதலாவது கலைந்தது. சற்று ஓய்வு தந்து கற்பித்தால் நின்றது. கற்றது உடனே பதிந்துவிடுவதில்லை, கெட்டிப்படச் சிறிது காலம் வேண்டும் என்று கண்டு, அவர்களும் இதே சொல்லை எடுத்தாண்டனர். ‘கெட்டிப் பாடம்’ என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவந்த நமக்கு இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

1953-இல் அமெரிக்காவில், கடுமையான வலிப்புநோய்க்காக ஓர் இளைஞரின் மூளையில் இருபுறமும் உட்பகுதி சிறிது அகற்றப்பட்டது. எச். எம். என்னும் எழுத்துகளாலேயே உலகம் அவரை நெடுநாள் அறிந்திருந்தது. அதன்பின் அவர் காலையில் சந்தித்தவரை மாலையில் அறியார். அறுவைக்கு முந்திய சில ஆண்டுகளின் செய்திகளும் மங்கிவிட்டன. இளமை நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. பிரெண்டா மில்னர் என்னும் அறிவியலார் 1957-இல் இதனை விளக்கி எழுதியபின், நினைவு கெட்டிப்படுவதில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதிக்குள்ள பங்கு தெளிவாயிற்று. உறக்கமும் இதற்குத் துணைசெய்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது. கெட்டிப்பட்ட நினைவும், மீண்டும் நினைக்கப்படும்போது சிறிது நேரம் இளகுகிறது. மறுபடியும் கெட்டிப்பட வேண்டியிருக்கிறது. ஆகவே அடிக்கடி சொல்லப்படும் கதை அடிக்கடி திருத்தவும் படுகிறது.

நம் பாட்டியார் கல்குளம் வட்டத்தில் பிறந்தவர். அவர் பிறந்தபோது அது திருவிதாங்கூர். இறுதி நாட்களில், காலையில் உண்டதை நண்பகலில் மறந்துவிடுவார். ஆனால் மணி கட்டிய கோலுடன் தபால் பை சுமந்து ஓடிவரும் அஞ்சலோட்டக்காரரின் மணியோசையை வாயால் ஒலித்துக் காட்டுவார். வழிவிட்டு ஒதுங்கி நின்றதைச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அந்த மணியின் எண்ணிக்கை மாறும்.

அந்த அஞ்சல், திருவிதாங்கூர் அரசின் சொந்தத் தபால் துறை. 1949 ஜூலை முதல் நாளில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1950 ஏப்ரலில் திருவனந்தபுரத்து வானொலி நிலையம் அகில இந்திய வானொலியின் ஒரு நிலையமாயிற்று. 1951-இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையுள் சேர்ந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் பாட்டியாரின் கல்குளம் உள்ளிட்ட நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஆணைகளில் இவையெல்லாம் ஒரே நாளில் நிகழ்ந்தவை. மக்கள் வாழ்வில் அவை களிமண்ணின் வேகத்திலேயே நிகழ்ந்தன. எல்லை மாறிய பின்னும் கல்யாணச் சேலைக்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கே வந்துகொண்டிருந்தவர்கள் பலர்.

வங்கிகளின் கதையும் இவ்வூரில் அவ்வாறே. 1945-இல் திருவிதாங்கூர் வங்கி தொடங்கப்பெற்றது. பின்னர் அது ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர் ஆயிற்று. 1960 ஆகஸ்டில் பாலை சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. கேரளத்து நடுத்தரக் குடும்பங்கள் பல, சேமித்த பணத்திற்கு வழியறியாது திகைத்தன. சிறு வங்கிகளைப் பெரியவற்றுடன் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இப்பகுதியின் பல சிறு வங்கிகள் திருவாங்கூர் வங்கியுள் சேர்ந்தன. அவ்வங்கியும் 2017 ஏப்ரல் முதல் நாளில் பாரத ஸ்டேட் வங்கியுள் சேர்ந்தது. இங்கு ‘இணைப்பு’ என்று எழுதுவதில் பிழையில்லை. ஆயினும் சேர்ந்த நாளில் சுமையைத் தாங்கியது கணக்கேடுகள் அல்ல. புதிய எண்களை அறியாது வரிசையில் நின்ற ஓய்வூதியக்காரர்களும், அவர்களுக்கு விடை சொன்ன எழுத்தர்களுமே. எது வெளியேறியது, யார் தாங்கினார் என்று களிமண்ணிடம் கேட்கும் கேள்விகளை இங்கும் கேட்கலாம்.

அரசியலமைப்பின் 266-ஆம் உறுப்பு கூறும் தொகுப்பு நிதியைப் பற்றி நீள உரைக்க வேண்டியதில்லை. வருவாயெல்லாம் ஒரே நிதியிற் சேரும்; சட்டத்தின்படியன்றி ஒரு காசும் வெளிவராது. பிரிட்டனில் 1787-இல் தோன்றிய ஏற்பாடு அது.

நிலத்திற்கு வரும்போதுதான் இச்சொல் நம்மை மிகவும் சிந்திக்கவைத்தது. சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை மாற்றிக் கொடுத்து, ஒவ்வோர் உழவருக்கும் ஒரே இடத்தில் அமைத்துத் தருவதை நில ஒருங்கிணைப்பு என்கிறோம். வடநாட்டில் ‘சக்பந்தி’ என்பர். பஞ்சாபில் 1948-லும், உத்தரப் பிரதேசத்தில் 1953-லும் இதற்குச் சட்டங்கள் வந்து பெருமளவில் நிறைவேறின. கேரளமும் தமிழ்நாடும் அவ்வழியில் செல்லவில்லை. கூப்பிடு தூரத்திற்குள் வயலும் தோப்பும் குன்றுமாக மண் மாறும் இந்நாட்டில், நெல்லுக்கு ஒரு துண்டும் தென்னைக்கு ஒரு துண்டுமாக வைத்திருப்பவர், இரண்டையும் கொடுத்து ஒன்றை வாங்க எளிதில் இசையார்.

ஆனால் இச்சொல்லுக்கு இன்னும் பழைய சட்டப் பொருள் ஒன்று உண்டு. ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டப் பாடநூல், பிறர் நிலத்தின் பயனை மட்டும் நுகரும் உரிமை பெற்ற ஒருவர், அந்நிலத்தின் உடைமையையும் அடைந்துவிடுவதை ‘கொன்சொலிதாசியோ’ என்று குறிக்கிறது. இதனைப் படித்தபோது நமக்கு 1970 ஜனவரி முதல் நாள் நினைவுக்கு வந்தது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 1969-ஆம் ஆண்டுத் திருத்தப்படி அன்று குத்தகை முறை ஒழிந்தது. ஜன்மிகளின் உரிமை அரசைச் சேர்ந்து, பின்னர் உழுத குத்தகையாளருக்குப் பட்டயமாக வந்தது. திருவனந்தபுரத்துச் சட்டமன்றத்தில் அதனை வாதித்தவர் எவரும் இச்சொல்லால் அதனை அழைத்ததாக நாம் கண்டதில்லை. எனினும் அதனினும் பொருத்தமாக அச்சொல்லை ஆளக்கூடிய இடம் நம் குறிப்பேட்டில் வேறில்லை. வரப்பு ஒன்றும் நகரவில்லை. அனுபவமும் உரிமையும் ஒரு கையில் வந்து கெட்டிப்பட்டன. வயல் தோறும் கூலிக்கு உழைத்தவர்களுக்கோ குடியிருந்த குடிசையடி நிலமே கிடைத்தது. வயல் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

உரிமை திரண்டதேயன்றி நிலம் திரளவில்லை. பாகப்பிரிவினையில் அது மேலும் சிறுத்தது. குட்டநாட்டில் இதற்கு வேறு வகை செய்திருக்கிறார்கள். ஒரே வெளிக்கரைக்குள் அடங்கிய பலருடைய வயல்களைச் சேர்த்துப் ‘பாடசேகரம்’ என்கின்றனர். வரப்புகள் அவரவர் பெயரிலேயே இருக்கும்; வெள்ளத்தை இறைப்பது மட்டும் பொது. ‘பெட்டியும் பறையும்’ என்று அவர்கள் வழங்கும் மரக்கூட்டு இறைப்பானை இயக்கினால், எல்லாருடைய வயலின் நீரும் ஒன்றாகக் கரைக்கு வெளியே பாய்கிறது. விதைப்புக்கு முன், தாழ்ந்த இடம் பார்த்துக் கரைக்கு மீண்டும் சேறு இடுகிறார்கள்.