மழையும் வெந்நீரும்

அத்திபெலேயிலிருந்து வடமேற்கே சென்று, மழைக்காலத்தில் கொங்கணச் சாலையில் பயணம் செய்யும் நண்பர்கள் ஒரு விந்தையைக் காணலாம். வானம் குளிர்நீரைப் பொழிய, வஜ்ரேசுவரி, துரள், ராஜாப்பூர் ஆகிய ஊர்ப்பக்கங்களில் நிலம் வெந்நீரைச் சுரக்கிறது.

எரிமலையின் சூடு என்பர் சிலர். அன்று! தக்காணத்து எரிமலைக் குழம்பு வழிந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆயின. பூமியினுள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 பாகை உயரும். மலையில் பெய்த மழை பாறைப் பிளவுகளில் ஆழ இறங்கிச் சூடேறி, வேறொரு பிளவு வழியே விரைந்து எழுகிறது. மெல்ல எழுந்தால் வழியிலேயே ஆறிவிடும். எரிமலையற்ற இலங்கையில், திருக்கோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகள் சுடுவதும் இவ்வாறே.

ஆகவே ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் போதாது. மழை இறங்கும் மலையையும் காத்தல் வேண்டும். நனைகின்றோமே என வருந்த வேண்டா, நண்பர்களே! அம்மழையே வருங்காலத்து வெந்நீர்.