டீசல் வண்டியும் அதன் வடிகட்டியும்

வாடகைக்கு ஓடும் ஒரு வேனை நம்பியே நம்மிடையே பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. கடனில் வாங்கிய அவ்வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றுவிட்டால் அந்நாள்களின் வருமானம் போவதோடு மாதத் தவணையும் தவறிவிடும். வண்டியை இவ்வாறு நிறுத்திவிடும் கோளாறுகளுள் கையைக் கடிப்பது எரிபொருள் அமைப்பில் நேரும் கோளாறு. உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் ஒருசேரப் பழுதுற்றால் அவ்வாகனத்தின் ஓராண்டுச் சேமிப்பையே விழுங்கிவிடும். அவற்றைக் காத்து நிற்பதோ, அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் மிக மலிவாகக் கிடைக்கும் ஒரு வடிகட்டி. பட்டறைகளில் 'டீசல் பில்டர்' என்பார்கள்.

ருடால்ப் டீசல் தம் இயந்திரத்துக்கு 1893-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். 1897-இல் அது செம்மையாக இயங்கியது. அவ்வியந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் அழுத்தினால் அது கொதிக்கும். அக்கொதிப்பில் எண்ணெயைப் பனிபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். தெளிப்பதற்கான நம்பகமான பம்பை பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் இயந்திரம் லாரிகளில் பரவியது. 1997 முதல் கார்களில் வந்த 'காமன் ரெயில்' முறையில் இவ்வழுத்தம் 1,600, 2,000 பார் என்னும் அளவுகளை எட்டியுள்ளது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறத்தாழ 2 பார்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

இத்தகைய அழுத்தம் கசியாமல் நிற்க வேண்டுமானால், பம்பின் உள்ளே நகரும் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் இருத்தலாகாது. நம் தலைமயிரின் பருமன் இதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். ஆகவே கண்ணுக்குத் தெரியும் தூசியைப்பற்றி மட்டும் கவலைப்பட்டுப் பயனில்லை. கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, "டீசல் பளிங்குபோல் இருக்கிறதே" என்று சொல்பவர் கெடுதல் செய்யும் துகளைப் பார்க்கவே இல்லை.

தூசியினும் கொடிய பகை தண்ணீர். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிர்ச்சியில் ஈரம் உட்சுவரில் துளிர்த்து வடியும். டீசலைவிட நீர் கனமானது. ஆதலால் அது அடியில் தங்கிவிடும். அங்கே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பம்புக்குள் சென்றால், மசகாக இருக்கவேண்டிய எண்ணெய்ப் படலத்தை அகற்றி உலோகத்தோடு உலோகத்தை உராய வைக்கும். பல நாள் நின்ற வண்டியில் நீரும் டீசலும் சந்திக்கும் தளத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து, வழவழப்பான கரும்பாசியாகி வடிகட்டியை அடைத்துவிடும். மாலையில் வண்டியை நிறுத்துமுன் டாங்கை நிரப்பிவிடும் பழைய ஓட்டுநர்களின் வழக்கம் இதனால்தான் அறிவுடையது. டாங்க் அடிமட்டம்வரை ஓடினால்தான் கசடு மேலேறும் என்று சிலர் சொல்வது முழு உண்மை அன்று. உறிஞ்சுகுழாய் எப்போதுமே அடியருகில்தான் இருக்கிறது. காலியாக ஓட்டுவதன் உண்மையான கேடு, குழாயில் காற்று புகுந்துவிடுவதே.

இனி, சோதிப்பதைப் பார்ப்போம். பகல் வெளிச்சத்தில், இயந்திரம் ஆறிய நிலையில், டாங்க் மூடியில் தொடங்கி எண்ணெய் செல்லும் வழியிலேயே நம் கண்ணும் செல்ல வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே போகும். டாங்கைப் பிடித்திருக்கும் பட்டைகள், அடிப்புறத் துரு, ரப்பர் குழாய்களின் வெடிப்பு, கிளிப்புகளின் இறுக்கம், சட்டத்தில் உராய்ந்து தேய்ந்த இரும்புக் குழாய் ஆகியவற்றைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் புழுதி அப்பிக் கறுத்திருந்தால் அங்கே கசிவு உண்டு.

ஆயினும் எல்லாக் கசிவும் சொட்டாது என்பதே பலர் அறியாத செய்தி. பல வண்டிகளில், டாங்கிலிருந்து முதல் பம்புவரை எண்ணெய் உறிஞ்சப்பட்டு வருகிறது. அவ்வழியில் உள்ள நுண்வெடிப்பு எண்ணெயை வெளியே விடாது. காற்றை உள்ளே இழுக்கும். காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால்தான் உயிர்பெற்று, பிறகு நாள் முழுதும் நன்றாக ஓடும் வண்டிக்குப் பாட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிப் பணத்தை வீணாக்குமுன், இக்குழாயை ஐயுற வேண்டும். வடிகட்டிக்கருகே சிறிது நேரம் ஒளிபுகும் குழாயைப் பொருத்தினால் குமிழிகள் ஓடுவது தெரிந்துவிடும்.

வடிகட்டி அடைத்திருப்பதன் அடையாளம் வேறு. சமவெளியில் வண்டி குறையின்றி ஓடும். சுமையேறி மலையில் ஏறும்போது மூச்சுத் திணறும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டைஊசி வளைவுகளில் ஆட்களோடு ஏறுகையில், வளைவின் நடுவே இயந்திரம் அணைந்தால் நேரக்கூடியதைச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் அணைந்ததும் ஸ்டியரிங் இறுகும். பிரேக்கும் சில மிதிகளில் கடினமாகிவிடும். மலைப்பயணத்துக்கு முன் இதைச் சோதிக்காமல் ஆட்களை ஏற்றுவது தவறு என்பதே என் கருத்து.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? வண்டிக்கு வண்டி இது பெரிதும் வேறுபடுவதால் உற்பத்தியாளர் தரும் கையேடே சான்று. புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கும், கண்ட இடத்தில் டீசல் அடிக்கும் வண்டிக்கும் அதற்கு முன்னரே மாற்ற வேண்டும். நீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, சுத்தமான டீசல் வரும்வரை நீரை வடித்துவிட வேண்டும்.

மாற்றும் வேலையில் பாதி, கழற்றுமுன் துடைப்பதிலேயே இருக்கிறது. வடிகட்டியின் தலைப்பகுதியைத் தூரிகையாலும் துணியாலும் நன்கு துடைக்காமல் திறந்தால், அழுக்கைத் தடுக்கும் வேலையிலேயே அழுக்கை உள்ளே தள்ளியவர் ஆவோம். கீழே தட்டு வைத்து, அருகிலுள்ள பெல்ட்டையும் ஆல்ட்டர்னேட்டரையும் துணியால் மூடவேண்டும். டீசல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். புதிய ரப்பர் வளையத்தில் சிறிது டீசல் தடவிப் பொருத்த வேண்டும். பழைய வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கப் புதியதையும் சேர்த்து மாட்டிவிடுவது உண்டு. அங்கே கசியாமல் இராது. செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். அம்புக்குறி இருந்தால் அது எண்ணெய் பாயும் திசை.

புதிய வடிகட்டியில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது பழைய வண்டிகளின் முறை. காமன் ரெயில் வண்டியில் அப்படிச் செய்தலாகாது; வடிகட்டப்படாத எண்ணெய் நேரே பம்புக்குச் செல்லும். அதில் கைப்பம்பு இருந்தால் அதை அழுத்தியும், மின்பம்பு இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் சாவியைப் பலமுறை திருப்பி வைத்தும் நிரப்ப வேண்டும். பழைய வண்டியில் காற்று எடுக்க, வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையும், பிறகு குமிழியற்ற எண்ணெயும் வரும். பம்பை அடித்துக்கொண்டே திருகை இறுக்கிவிட வேண்டும். பின்பு ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல் இடைவிட்டு முயல்க.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லவேண்டும். இயந்திரம் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தாதீர்கள். கசிவைக் கையால் தடவிப் பாராதீர்கள். அட்டை ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். அவ்வழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகும். வெளியே குண்டூசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். ஆனால் உள்ளே தசை அழுகி விரலையோ கையையோ இழக்க நேரிடும். காலந்தாழ்த்தாமல் அறுவை மருத்துவ வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, நேர்ந்ததைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் வண்டியில் அபாயம் வேறுவகை. பெட்ரோல் கடுங்குளிரிலும் தீப்பற்றும் ஆவியை வெளிவிடுவது. அவ்வாவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து, தள்ளி இருக்கும் அடுப்பையோ விளக்கையோ சென்றடையும். வீட்டு முற்றத்தில் இவ்வேலையைச் செய்பவர் இதை மறக்கலாகாது. இன்றைய கார்களில் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்கும். பலவற்றில் வடிகட்டி டாங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்திருப்பதால் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நலம். மோட்டார் சைக்கிளின் சிறு வடிகட்டியை நாமே மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டில் 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய டாங்கில் படிந்த கசடையும் இளக்கிவிடும். எனவே பழைய வண்டி வைத்திருப்போர் ரப்பர் குழாய்களையும் வடிகட்டியையும் முன்னைவிட அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

வாயால் குழாயை உறிஞ்சி எண்ணெய் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். ஒரு வாய் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வடித்த எண்ணெயைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் அத்தகையதே. குழந்தை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கழற்றிய வடிகட்டியை எறியுமுன் அதிலுள்ள எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். செந்நிறத் துகள் டாங்கின் துருவைக் காட்டும். வழவழப்பான கருங்கசடு நீரும் பாசியும் உள்ளதைக் காட்டும். டாங்கை இறக்கிக் கழுவினாலன்றிப் புதிய வடிகட்டியும் விரைவில் அடைத்துவிடும். வெயிலில் வெள்ளியாக மின்னும் பொடி தென்பட்டால் பம்பே தேயத் தொடங்கிவிட்டது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் மசகுத்தன்மை குறைந்து இத்தேய்வை விரைவாக்கும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டாமல், அத்தட்டோடு பம்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுவதே வழி. அப்பொடி இன்ஜெக்டர்களுக்குள் பரவுமுன் நிறுத்தினால் செலவு பம்போடு நிற்கக்கூடும். எல்லாம் சரியாக இருந்தால், புதிய வடிகட்டியின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் அழியா மையால் எழுதி, அரைமணி நேரம் ஓட்டிவந்தபின் பொருத்திய இடங்களை மறுபடியும் துடைத்துப் பாருங்கள்.