உங்களுக்குத் தெரியுமா? வெற்றுக் கூடுதான் துப்பாக்கி!

குழல் இல்லை, விசை இல்லை, ஒரு ஸ்பிரிங்கூட இல்லை. ஆனாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு, ஏஆர்-15 ரைஃபிளின் ‘லோயர் ரிசீவர்’ என்ற வெறும் அலுமினியக் கூடு ஒரு துப்பாக்கி!

• வரிசை எண் பொறிப்பது இதில்தான். கடையில் வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பதும் இதற்குத்தான். குழல், விசை, தோள்கட்டை எல்லாம் கூட்டாட்சிச் சட்டப்படி உதிரிபாகங்கள். பல மாநிலங்களில் பார்சலாக வீட்டுக்கே வந்துவிடும்.

• இதைவிட வேடிக்கை, வயது விவகாரம். உரிமம் பெற்ற கடையில் முழு ரைஃபிள் வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் கேட்பது 18 வயது. வெற்றுக் கூட்டுக்கோ 21! அது இன்னும் ‘ரைஃபிள்’ ஆகவில்லை என்பதுதான் காரணம். சில மாநிலங்களில் ரைஃபிளுக்கும் 21 தான்.

• சுடும்போது எழும் அழுத்தத்தை அலுமினியம் எப்படித் தாங்குகிறது? தாங்கவே வேண்டாம். குழலின் பின்பக்கத்தை மூடும் ‘போல்ட்’ என்ற பாகத்தின் பற்கள், குழலின் பின்முனையிலுள்ள எஃகுத் துண்டில் பூட்டிக்கொள்கின்றன. யூஜின் ஸ்டோனர் 1950களில் செய்த இந்த வடிவமைப்பால்தான் எடை குறைந்தது.

• பாகங்களைப் பூட்டச் சின்னச் சுத்தியல், ஊசி தட்டும் ‘பஞ்ச்’ போன்ற கைக்கருவிகள்தான் தேவை. படுத்துவது அரிசிமணி நீளமே உள்ள ஒரு தடுப்பு ஊசி. அதன் ஸ்பிரிங் கை நழுவினால் ஊசி எங்கோ பறந்துவிடும். அதனால் சிலர் அந்த வேலையைப் பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்கிறார்கள். உதிரி ஊசியும் கூடவே வாங்கி வைக்கிறார்கள்.