தேக்காவுக்கு வரும் மலைத்தண்ணீர்

தேக்கா சந்தையை ஒட்டிப் போகும் கால்வாயின் தலைப்பகுதி எங்கே இருக்கிறது தெரியுமா, நேயர்களே? புக்கித் தீமா பக்கம்.

சிங்கப்பூரின் ஆக உயரமான குன்று அது. உயரம் சுமார் 163 மீட்டர். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் அதன் மழைக்காட்டு ஓடைகளில் ஒரு நண்டு இருக்கிறது. சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது! முழுதாய் வளர்ந்தாலும் ஓட்டின் அகலம் மூன்று சென்டிமீட்டர்தான். பகலில் கல்லுக்கடியிலும் உதிர்ந்த இலைகளுக்குள்ளும் பதுங்கிக் கிடக்கும். இருட்டியதும் இரை தேடி வரும். 1986-இல் நண்டு ஆய்வாளர் பீட்டர் இங் இதைத் தனி இனமாக விவரித்தார். இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. ஓடைநீரில் அமிலத்தன்மை கூடினாலே இதற்கு ஆபத்து.

காட்டைவிட்டு இறங்கினால் கால்வாய்க்குக் கான்கிரீட் கரைதான். மழைக்காலத்தில் கால்வாய் பொங்கிச் சாலையில் ஏறியதால், 1970-களில் வெள்ளத்தின் ஒரு பகுதியை உலு பாண்டான் ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மிச்சத் தண்ணீர் தேக்காவைத் தாண்டி, ரோச்சோர் ஆறாகிக் கடலில் கலந்து வந்தது. 2008-இல் அது கடலில் கலக்கும் வழியில் மரினா அணை திறக்கப்பட்டது. இப்போது அந்தத் தண்ணீர் நீர்த்தேக்கத்தில் தங்கி, சுத்திகரிக்கப்பட்டு, குடிநீராகவும் வருகிறது.